கடைவாய்ப் பல்லின் மேடுகள்

1

அன்றைக்கு மேசையைச் சுற்றி நின்றவர்கள் இவர்கள்.

டொக்டர் ஹென்னிங். பல்லைப் படித்தவர். இந்த நூதனசாலையில் கல்லாகிப்போன பற்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. பல்லில் மேடு எத்தனை என்றதற்கு அவர் சொன்ன எண்ணிக்கை நாலு.

பிரிட்டா. அவரிடம் படிக்கிற பெண். முதலில் நாலு என்றது. பிறகு நாலும் கொஞ்சமும் என்றது. டொக்டர் திரும்பிப் பார்த்ததும் மறுபடி நாலு.

குகதாசன் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர். வாசலில் காவல். என் டொச், அதாவது ஜெர்மன் பாஷை, தடுமாறும் என்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பல்லைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே நாலு.

நான், தெய்வானை. கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஜெர்மனிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல். இந்த நூதனசாலையில் முதலில் கூட்டித் துடைக்கிற வேலை. பிறகு மண்ணில் பல் பொறுக்குகிற வேலை.

அப்புறம் அந்தப் பல். வெள்ளைத் தட்டின் நடுவில், ஒரு சோள மணி அளவு. மண்ணிறம்.

அது வியாழக்கிழமை. மறுநாள் இரண்டு காரியம் முடிய இருந்தது. ஆபிரிக்காவிலிருந்து இரவலாக வந்த மண்ணும், அதில் கிடைத்த பற்களும் பெட்டியில் அடைபட்டுத் திரும்பிப் போகும். என் வேலையும் முடியும். காகிதத்தில் எனக்கு ஓய்வு வயசு வந்துவிட்டது.

அந்தப் பல்லை 'குரங்கு' என்று எழுதிய பெட்டியில் போட வைத்திருந்தார்கள். நான் அது குரங்கில்லை என்றேன். வாலில்லாக் குரங்கு என்றேன். சிம்பன்சி, கொரில்லா, அந்தச் சாதி. குரங்குப் பெட்டியில் நானூறு சொச்சம் பல் கிடக்கிறது. அதற்குள் போனால் இந்த ஒன்றை இனி யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள். நானும் இருக்கமாட்டேன்.

ஒரு பல்லுக்காகக் கடைசி நாளில் ஏன் இந்த வம்பு என்று ஊரில் இருக்கிறவர்கள் கேட்பீர்கள். மகளும் அதைத்தான் கேட்டாள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நீட்டி எழுத வராது.

2

தோட்டத்தில் நான் மலையில் கொழுந்து எடுத்ததைவிட பெக்டரியில் குந்தியிருந்ததுதான் அதிகம். குச்சி பொறுக்குகிற வேலை. அரைத்துக் காய்ந்த தேயிலை கறுப்பாகக் கொட்டிக் கிடக்கும். அதில் வெளிறலாக நாரும் குச்சியும் கலந்திருக்கும். அதைப் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும். மிஞ்சுவதுதான் தேயிலை. கண் ஓடுகிறதற்கு முன்னால் கை ஓட வேண்டும். பேசலாம். நிமிரக்கூடாது.

இங்கே நூதனசாலையில் ஒரு மாரி காலம். மண் சலிக்கிற அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பல் பொறுக்குகிற பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காய்ச்சல். டொக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குகதாசன் அண்ணன் பகிடியாகச் சொன்னார், "இவ தேயிலைக்குள்ள குச்சி பொறுக்கினவ. இருத்திப் பாருங்கோவன்."

டொக்டர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டார். ஒரு தட்டு, ஒரு தூரிகை, பிடித்து எடுக்க ஒரு சாமணம். உள்ளங்கையில் ஒரு பல்லை வைத்துக் காட்டினார். இந்த மாதிரி என்றார். போய்விட்டார்.

நான் பொறுக்கினேன். பொழுது சாய்கிற நேரம் திரும்பி வந்தார். தட்டில் மணல் சுத்தமாக இருந்தது. அதில் ஒரு பல் இல்லை.

"பற்கள் எங்கே?" என்றார்.

"எல்லாம் எடுத்தாச்சு," என்றேன். மேசைக்கு அடியில் இருந்த குப்பை வாளியைக் காட்டினேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வாளியிலிருந்து தேயிலைப் பை, துடைத்த காகிதம், தோடம்பழத் தோல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.

குகதாசன் அண்ணன் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தங்கச்சி, சனம் அரிசியை வைச்சுக்கொண்டு கல்லை எறியும். நீ கல்லை வைச்சுக்கொண்டு அரிசியை எறிஞ்சிருக்கிறாய்."

"எங்க ஊர்ல பொறுக்கி எடுக்கிறதுதாண்ணே குப்பை," என்றேன். "இங்க மாத்தின்னு எனக்கு யாரு சொன்னா?"

டொக்டர் எண்ணினார். முப்பத்தொரு பல். பிறகு என் தட்டில் மிஞ்சிய மணலைப் பெரிதாகக் காட்டுகிற கண்ணாடியில் வைத்து ஒரு மணி நேரம் துழாவினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டார். திங்கட்கிழமை வந்தபோது அந்தக் கதிரையின் முதுகில் என் பெயர் ஒட்டியிருந்தது.

3

பொறுக்கத் தெரிந்தால் போதாது, என்ன பொறுக்குகிறாய் என்று தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. தேத்தண்ணி நேரத்தில் பழைய கடித உறையின் பின்பக்கத்தில் கீறிக் காட்டுவார். படித்த மனிசன் என்னை உட்கார வைத்துச் சொல்லித் தந்தது அதுதான் முதல். அந்த நன்றியை இங்கே எழுதி வைக்கிறேன். வியாழக்கிழமைச் சண்டை வேறு கணக்கு.

எலும்பு மண்ணாகும். பல் நிற்கும். உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் இல்லை. ஆகவே பழைய காலத்துக் குரங்கையும் வாலில்லாக் குரங்கையும் மனிசனையும் பற்றித் தெரிந்ததில் பெரும் பங்கு பல் சொன்னது. சில இனத்துக்குப் பல்லைத் தவிர வேறு சாட்சியே கிடையாது.

குரங்கின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் நாலு மேடு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இரண்டிரண்டும் சேர்ந்து குறுக்கே வரப்புப் போட்ட மாதிரி நிற்கும். இலையை நறுக்க அது வசதி. பேராதனைப் பூந்தோட்டத்தில் சோத்துப் பார்சலைப் பறித்துக்கொண்டு ஓடுகிறதே, அதற்கும் அப்படித்தான்.

வாலில்லாக் குரங்குக்கு ஐந்து மேடு. குறுக்கு வரப்பு இல்லை. மேடுகளுக்கு நடுவில் வாய்க்கால் கிளை பிரிந்து ஓடும். கோடிக்கணக்கான வருஷம் போயும் அந்த அச்சு மாறவில்லை. சிம்பன்சிக்கு அதுதான். கொரில்லாவுக்கு அதுதான்.

"நமக்கும்," என்றார் டொக்டர்.

நான் வாயை மூடிக்கொண்டு நாக்கால் தடவிப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். பேராசிரியர்களும்."

மேல் ஓடு தடித்திருந்தால் கொட்டையும் கிழங்கும் கடித்த வாய். மெல்லியதாக இருந்தால் பழமும் தளிரும். கீறலைப் பார்த்தால் கடைசி நாட்களில் என்ன தின்றது என்றுகூடச் சொல்லலாம். எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, ஆட்களின் பல்லை எடுத்துப் பார்த்தால் ரொட்டியும் வெற்றிலையும் தெரியும். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டு குடித்த பிளேன்டியும் தெரியும்.

ஒரு நாள் பல்லை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். உள்ளே கோடு கோடாக இருந்தது. பல் வளரும்போது ஒரு நாளைக்கு ஒரு கோடு விழும். பிறந்த நாளுக்குக் கறுப்பாக ஒன்று. காய்ச்சல் வந்தால் அதற்கு ஒன்று. பட்டினி கிடந்தால் அதற்கும். வாய் சொல்லாததை அது எழுதி வைத்திருக்கிறது.

அந்தக் கோடுகளை எண்ணித்தான் ஒரு விஷயம் கண்டுபிடித்தார்களாம். சிம்பன்சிக் குட்டிக்கு முதல் கடைவாய்ப் பல் மூன்று, மூன்றரை வயசில் வந்துவிடும். மனிசப் பிள்ளைக்கு ஆறு வயசு ஆகும். ரொம்பப் பழைய மனிச இனத்துப் பிள்ளைகளும் சிம்பன்சி மாதிரி அவசரமாகத்தான் வளர்ந்திருக்கிறார்கள். பிறகு பிறகுதான் மெதுவானது.

"மனிதனுக்கு என்று தனியாக ஒன்று உண்டென்றால் அது இதுதான்," என்றார். "நம் பிள்ளைகள் அதிக நாள் பிள்ளைகளாக இருக்கிறார்கள்."

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. எனக்குத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் பென்சில் ஞாபகம் வந்தது.

4

எங்கள் லயத்தில் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். நாடு சுதந்திரம் வாங்கி அப்போது இருபது வருஷம் இருக்கும். எங்களை எந்த நாட்டு ஆட்கள் என்று இரண்டு நாடும் பேசிக்கொண்டிருந்தன. பேசி முடிகிறவரை யாரும் எங்களை எழுதிக்கொள்ளவில்லை. வயசு வேண்டுமென்றால் வாயைத் திறந்து பார்ப்பார்கள். பல் ஒரு கடைவாய் தள்ளியிருந்தால் ஆறு. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தால் பன்னிரண்டு. பன்னிரண்டு என்றால் வேலைக்குப் பேர் பதியலாம்.

கொழுந்து பொங்கின மாசம். ஆள் காணாது. கணக்கப்பிள்ளை ஸ்கூலுக்கே வந்துவிட்டார். ஒரு அறை ஸ்கூல். எங்களைச் சுவரோரம் நிறுத்தினார். வாத்தியார் கரும்பலகையைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். ஏற்கெனவே அது சுத்தமாகத்தான் இருந்தது.

"ஆ காட்டு."

பென்சிலின் அடிப்பக்கத்தால் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தார். அந்தப் பென்சில் இன்னும் எத்தனை வாய்க்குள் போய் வந்ததோ. புகையிலை நாற்றம்.

"பின் பல்லு வந்திருச்சு. இதுக்குப் பன்னெண்டு. நாளைக்குப் பெரட்டுக்கு வா."

பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். விடியாமல் வரிசையில் நிற்க வேண்டும்.

அம்மா மலையிலிருந்து கூடையோடு ஓடி வந்தாள். "ஐயா, இது மேமலை சரிஞ்ச வருசம் பொறந்த புள்ளைங்க. பத்துதாங்க நடக்குது. நாலாம் வகுப்பு இப்பத்தாங்க முடிச்சிருக்கு."

"நீ சொல்றத எழுதவா, பல்லு சொல்றத எழுதவா?"

"பெத்தவ நான்தாங்க."

"பல்லு பொய் சொல்லாது," என்றார். எழுதினார். என் பிறந்த வருஷம் இரண்டு வருஷம் பின்னால் போனது. அதோடு என் படிப்பு முடிந்தது.

அவர் கையெழுத்து அப்படியே என் கூட வந்தது. அடையாள அட்டையில் ஏறியது. கல்யாணப் பதிவில் ஏறியது. என் வீட்டுக்காரர் கண்டியில் லொறி ஓடினவர். நிலைமை கெட்ட வருஷங்களில் அவர் முதலில் வந்து என்னை இங்கே எடுத்தபோது பாஸ்போட்டில் ஏறியது. அவர் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷம் போகவில்லை.

அந்தப் பின் பல்லைப் பிறகு சூத்தை பிடித்தது. கல்யாணத்துக்கு முன்னால் பேராதனைக்குப் போய்ப் பிடுங்கினேன். வெள்ளைக் கோட் போட்ட படிக்கிற பொடியன் ஒருவன், என்னைவிடப் பயந்திருந்தான். பல்லைக் கேட்டேன். பஞ்சில் சுற்றித் தந்தான். கலஹா பஸ்ஸில் வரும்போது ஜன்னலால் வீசினேன். சந்தோஷமாகத்தான் வீசினேன்.

இன்றைக்குத் தெரியும். பல் பொய் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளைக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. வெளியே தலை நீட்டினதை எண்ணினார். சில பிள்ளைகளுக்கு அந்தப் பல் முந்தி வரும். உள்ளே இருந்த நாட்களை யார் எண்ணினார்கள்? மனிசப் பிள்ளைக்கு உரிய நாளில் இரண்டு வருஷத்தை வெட்டி, என்னைக் குரங்குப் பக்கமாகத் தள்ளி நிறுத்தினார். தோட்டத்துக்கு அது போதுமாயிருந்தது.

5

ஓய்வுக் கடிதம் வந்ததும் ஓய்வூதியம் பார்க்கிற கந்தோருக்குப் போனேன். மகள் மாலினியும் வந்தாள்.

கந்தோரில் இருந்த பெண் மரியாதையானவள். திரையைப் பார்த்துப் பிறந்த திகதியை வாசித்தாள்.

"அது பிழை," என்றேன். "இரண்டு வருஷம் கூட இருக்கு. எனக்கு இன்னும் இரண்டு வருஷம் வேலை இருக்கு."

"ஆதாரம்?"

யோசிக்காமல் வாயைத் திறந்து விரலால் காட்டினேன். பல் பிடுங்கின இடத்தை. பழக்கதோஷம்.

மாலினி என் கையைப் பிடித்து இறக்கினாள். "அம்மா, வாயைக் காட்டாதேங்கோ. இது ஒப்பிஸ்."

என் மகள் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவாள். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்து ஆட்கள். சின்னதில் ஒரு நாள் அவர்களைப் போல 'போறம்' என்னாமல், 'போறோம்' என்று என்னைப் போலச் சொல்லி, வகுப்பே சிரித்து, அழுதுகொண்டு வந்தாள். அதற்குப் பிறகு என் பேச்சை அவள் பேசவில்லை. நான் அவளிடம் 'ஆமா' என்பேன். அவள் என்னிடம் 'ஓம்' என்பாள். ஒரே வீட்டில் இருந்தோம்.

கந்தோர்ப் பெண் ஊரிலிருந்து பத்திரம் எடுத்து வரச் சொன்னாள். இல்லாத பத்திரத்தை எங்கே எடுக்கிறது? வீசின பல்லை வைத்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. காகிதம் காகிதத்தைத்தான் கேட்கும்.

சரி என்று எழும்பி வந்தேன். அதில் நான் தோற்றேன். ஒளிக்கவில்லை.

புதன்கிழமை சாயந்தரம் மாலினி வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் பல்லைப் பற்றிச் சொன்னேன். அவள் மீனைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அவர் டொக்டர். முப்பது வருசமாப் பல்லுப் பாக்கிறவர். உங்களுக்கு இன்னும் ரெண்டு நாள்தான். ஏன் கரைச்சல்?"

"அவர் எண்ணினது பிழை."

"பிழையெண்டாலும் உங்களுக்கு என்ன? அது குரங்கெண்டா என்ன, கொரில்லாவெண்டா என்ன?"

"டோர்ச் எங்க இருக்கு?"

"ஏன்?"

"வாயத் தொற."

"உங்களுக்கு விசரே, அம்மா?"

ஆனாலும் திறந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, முப்பத்தைந்து வயசுப் பெண், வங்கியில் வேலை செய்கிறவள், குசினிக் கதிரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். நான் டோர்ச் அடித்து எண்ணினேன். நாலு மேடு தெரிந்தது. ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைச் சீமெந்து.

"என்ன தெரியுது?" வாயைத் திறந்தபடியே கேட்டாள்.

"நீ ரொம்ப இனிப்பு தின்னிருக்க."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அவர் கோவிச்சா என்ன செய்வீங்கள்?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை வேலைய விட்டு நிப்பாட்டச் சொல்லு."

6

இனி வியாழக்கிழமை.

அந்தப் பல் தேய்ந்த பல். கிழட்டு உயிரின் பல். மேடுகள் மழுங்கி, ஒரு ஓரம் உடைந்திருந்தது. டொக்டர் மீது நான் குற்றம் சொல்லமாட்டேன். நாலு நாளில் நானூறு பல் பார்த்திருக்கிறார். பெட்டிக்கு ஆள் வரப்போகிறது. அவர் பார்த்தது ஒரு நிமிஷம். நான் அதை ஒரு வாரம் பார்த்தேன்.

"நாலு," என்றார்.

"வெளிச்சத்தை மாத்திப் பாருங்க," என்றேன்.

"தெய்வானை, நேரமில்லை."

குகதாசன் அண்ணன் தமிழில் மெதுவாகச் சொன்னார், "தங்கச்சி, விடு. நாளைக்குப் பூங்கொத்து தருவினம். வாங்கிக்கொண்டு வீட்டை போ."

"பூவ நீங்க வாங்கிக்கிடுங்கண்ணே."

"நீ எத்தினையாம் வகுப்பு?"

"நாலு."

"பிறகென்ன. நாலு படிச்ச ஆளுக்கு நாலு காணும்."

"நாலுக்கு மேல எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா?"

நான் விளக்கின் கழுத்தைப் பிடித்துத் தட்டோடு ஒட்டச் சாய்த்தேன். பெக்டரியில் சாயங்கால வெயில் ஜன்னலால் படுக்கையாக வரும்போதுதான் குச்சி நன்றாகத் தெரியும். நேர் வெளிச்சம் மேட்டை விழுங்கிவிடும். படுத்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழுந்தது. பின்பக்கத்து ஓரத்தில், உடைசலுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன நிழல்.

பிரிட்டா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

டொக்டர் குனிந்தார். நிறைய நேரம் குனிந்திருந்தார். "சரி. பின்னால் இன்னொன்று இருக்கிறது," என்றார். நிமிர்ந்தார். "ஆனால் குரங்குக்கும் கடைசிக் கடைவாய்ப் பல்லில் பின்னால் ஒரு மேடு கூட வரும். அது உனக்குத் தெரியும். இது கடைசிப் பல். ஆகவே குரங்கு."

தெரியும். அவர்தான் சொல்லித் தந்தது. அதற்குத்தான் அந்த ஒரு வாரம்.

மண்ணில் ஆயிரக்கணக்காகப் பல் பொறுக்கியதில் நானாகக் கண்டது ஒன்று உண்டு. வாய்க்குள் பல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கிறது. மெல்லும்போது பக்கத்துப் பல்லோடு உரசும். வருஷக்கணக்கில் உரசி, முட்டுகிற இடத்தில் கடுகு அளவில் ஒரு வழவழப்பு விழும். நடுவில் நிற்கிற பல்லுக்கு முன்னாலும் பின்னாலும் அது இருக்கும். கடைசிப் பல்லுக்கு முன்னால் மட்டும்தான். பின்னால் யாரும் இல்லையே. பெரட்டில் வரிசை நின்றவளுக்கு இது தெரியாதா? கடைசியில் நிற்கிறவள் முதுகில் மட்டும்தான் பனி விழும்.

இதை டொச்சில் எப்படிச் சொல்வது? உரசின தடத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் எனக்கு வாயில் வரவில்லை. சாமணத்தால் பல்லைத் தூக்கி, பின்முகத்தை விளக்குக்குத் திருப்பினேன். "இவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார்," என்றேன்.

குகதாசன் அண்ணன் திருத்த வாய் எடுத்தார். டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு விளங்கிவிட்டது.

பல்லை வாங்கிக்கொண்டுபோய் பெரிய கண்ணாடியில் வைத்தார். பிரிட்டா அடுத்த கதிரையில். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. குகதாசன் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ சொல்லுறது சரியெண்டா என்ன வரும்?"

"அந்த மண்ணுல இதுவரைக்கும் குரங்குதான் கெடைச்சிருக்கு. இது சரின்னா, நம்ம சாதியும் அங்க இருந்திருக்கு."

"உங்கட சாதியோ, எங்கட சாதியோ?" என்றார். பழைய பகிடி.

"வால் இல்லாத எல்லாரும்."

அவர் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

டொக்டர் திரும்பினார். கண்ணாடி அழுத்தின தடம் கண்ணைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது. "பின்னால் பல் இருந்திருக்கிறது," என்றார். "இது நடுப் பல். குறுக்கு வரப்பும் இல்லை." "நான் அவசரப்பட்டுவிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். கணக்கப்பிள்ளை சாகிறவரை அதைச் சொல்லவில்லை.

அப்போதுதான் குகதாசன் அண்ணன் போய்க் கண்ணாடிக்குள் குனிந்தார். உதடு அசைய எண்ணினார். "ஒண்டு. ரெண்டு. மூண்டு. நாலு." நின்றார். தலையை எடுக்காமலே, "ஓம், தங்கச்சி. இருக்கு," என்றார்.

7

தனிப் பெட்டி. தீப்பெட்டியைவிடச் சின்னது. அதற்குள் பஞ்சு. அதோடு ஒரு அட்டை போகும். அட்டையில் சொல்லப்பட்ட விவரம்தான் இனி உலகம் முழுக்க அந்தப் பல்லுக்கு. பல் எங்கே போனாலும் அட்டை கூடப் போகும். இது எனக்குப் புதிய விஷயம் இல்லை.

டொக்டர் தன் பேனாவால் முதல் வரியை எழுதினார். எந்த உயிர்: வாலில்லாக் குரங்கு. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

நான் கேள்விக்குறியைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"ஒரே ஒரு பல்," என்றார். "தேய்ந்த பல். இன்னொன்று கிடைக்கிறவரை இது இருக்கட்டும். இது அவமானம் இல்லை, தெய்வானை. இதுதான் முறை."

"அது உங்க வேலை. உங்க வரி," என்றேன். "நீங்க வச்சுக்குங்க."

அடுத்த வரி, கண்டெடுத்தவர். வழக்கமாக அதில் 'ஊழியர்' என்று எழுதுவார்கள். முப்பத்தொரு பல்லுக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகு பொறுக்கின எல்லாவற்றுக்கும் அப்படித்தான். நான் ஒன்றும் கேட்டதில்லை.

கையை நீட்டினேன். "பேனா."

"நீ சொல்லு, நான் எழுதிவிடுறன்," என்றார் குகதாசன் அண்ணன். பகிடி இல்லை. உதவிதான்.

"எனக்கு எழுத வரும்ணே."

டொக்டர் பேனாவைத் தந்தார். கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். முதலில் தமிழில் எழுதினேன். அதற்குக் கீழே அவர்களுடைய எழுத்தில். தெய்வானை. கலஹா, கண்டி. இடம் காணாமல் கடைசி எழுத்து கொஞ்சம் ஏறி நின்றது.

பிறந்த திகதி எழுத அந்த அட்டையில் இடம் இல்லை.

வெள்ளிக்கிழமை பூங்கொத்து தந்தார்கள். வாங்கிக்கொண்டேன். மாலினி கூட்டிப்போக வந்திருந்தாள். காரில் ஏறினதும் கேட்டாள், "என்ன முடிவு, அம்மா?" சொன்னேன். சிவப்பு விளக்கில் நின்றபோது தன் நாக்கால் தன் கடைவாயைத் தடவிப் பார்த்தாள். கன்னம் அசைந்தது எனக்குத் தெரிந்தது. "சீமெந்து போட்ட பக்கம் எண்ண ஏலாது," என்றாள். "ஆனா மற்றப் பக்கம் இருக்கு. ஆமா, இருக்கு."

'ஆமா' என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்டி இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். அட்டையின் கடைசி வரியை மட்டும் சொல்லவில்லை. மேடுகளின் எண்ணிக்கை. அதையும் நான்தான் எழுதினேன். அழுத்தி எழுதினேன். அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட நான் விடவில்லை. டொக்டரும் கேட்கவில்லை.

ஐந்து.